நீங்கலாக

அன்புள்ள ஐயா,

1863இலேயே லிங்கன் அடிமைகளை விடுவித்துவிட்டார் என்று படித்தேன். அப்படியானால் 1865இல் அரசியலமைப்பைத் திருத்தியது ஏன்? லிங்கன் உண்மையிலேயே கறுப்பின மக்களை நேசித்தாரா? அத்திருத்தத்தோடு அமெரிக்காவில் அடிமைமுறை முடிந்தது எனலாமா?

ஒரு கல்லூரி மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

1863ஆம் ஆண்டுப் பிரகடனம் ஒரு போர்க்கால ஆணை. உள்நாட்டுப் போரில் அமெரிக்க ஒன்றியத்தைவிட்டு விலகிக் கிளர்ச்சியில் இருந்த தென்பகுதிகளை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. ஒன்றியத்தைவிட்டு விலகாத கென்டக்கி, டெலாவேர் மாநிலங்களில் 1865 டிசம்பர்வரை மனிதரை உடைமையாக வைத்திருப்பது சட்டப்படி செல்லுபடியாக இருந்தது. 1864 ஜூனில் பிரதிநிதிகள் அவையில் தோற்ற, அடிமைமுறையை ஒழிக்கும் பதின்மூன்றாம் திருத்தம் 1865 ஜனவரி 31 அன்று 119க்கு 56 என்ற கணக்கில் நிறைவேறியது. டிசம்பர் 6 அன்று ஜார்ஜியா ஏற்றதும் தேவையான முக்கால் பங்கு மாநிலங்களின் ஒப்புதலும் சேர்ந்தது. லிங்கனின் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வமில்லை.

மூன்றாம் கேள்விதான் என்னைக் கோபப்படுத்தியது. இரண்டே பிரிவுகள் கொண்ட அத்திருத்தத்தை நீங்கள் ஒருமுறைகூடப் படிக்கவில்லை. இத்தனை ஆர்வமுள்ள பெண்ணுக்கு இந்தச் சோம்பல் அழகல்ல.

என் தந்தை பத்திர எழுத்தர். கிரயப் பத்திரம் எதைக் கொடுத்தாலும் சொத்து விவரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போய், ‘நீங்கலாக’ என்ற சொல்லில் நிறுத்துவார். கிணற்றுப் பாத்தியமும் வண்டிப்பாதையும் கைவிட்டுப் போவது அந்த ஒரு சொல்லில்தான் என்பார். அவர் விரல் இத்திருத்தத்திலும் நின்றிருக்கும். அடிமைமுறையோ கட்டாய ஊழியமோ இருக்கலாகாது என்று சொல்லும் அதே வாக்கியம், முறைப்படி குற்றவாளியெனத் தீர்ப்பானவருக்குரிய தண்டனை நீங்கலாக என்றும் சொல்கிறது. 1787ஆம் ஆண்டு வடமேற்குப் பிரதேசச் சட்டத்திலிருந்து ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்ட வாசகம் அது. எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெற்கத்திய நிலவுடைமையாளர்களுக்கு அந்த வாசல் போதுமானதாக இருந்தது. திருத்தம் நடைமுறைக்கு வருமுன்பே, 1865 நவம்பரில் மிசிசிப்பி சட்டமன்றம், வேலையில்லாத கறுப்பினத்தவரை ‘நாடோடி’ எனக் குற்றஞ்சாட்டி அபராதம் விதிக்கவும், ஐந்து நாட்களுக்குள் கட்டாதவரை அத்தொகையைக் கட்ட முன்வருபவரிடம் கூலிக்கு ஒப்படைக்கவும் ஷெரிப் எனும் உள்ளூர்க் காவல் அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்தது. நேற்றுவரை எஜமானனாக இருந்தவனே அந்த அபராதத்தைக் கட்டி, அதே ஆளை மீண்டும் தன் பருத்திக்காட்டில் நிறுத்திக்கொள்ளலாம். பின்னர் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விடும் முறை வளர்ந்தது. அலபாமாவில் அது 1928வரை நீடித்தது.

2018இல் கொலராடோ வாக்காளர்கள் தங்கள் மாநில அரசியலமைப்பிலிருந்து இந்த ‘நீங்கலாக’வை நீக்கினார்கள். 2024இல் கலிபோர்னியாவில் இதே கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோது, பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள்.