கறி மட்டுமே தின்னும் பூனைக்குட்டிக்கு எலும்பு ஏன் ஒடிகிறது?

கேள்வி: நெல் குடோனில் எலித் தொல்லைக்காக ஒரு பெண் பூனைக்குட்டி வளர்க்கிறேன். நாலரை மாதம் ஆகிறது. கறிக்கடையில் வாங்கும் எலும்பில்லாத கோழிக்கறியும் ஈரலும்தான் சாப்பாடு. சில நாளாகப் பின்காலை இழுத்து நடக்கிறது, தூக்கினால் கத்துகிறது. அடி எதுவும் படவில்லை. மாட்டுக்கு வாங்கிய கால்சியம் டானிக் கொடுக்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம். அதில் பெரும்பாலும் பாஸ்பரஸும் வைட்டமின் டி3-யும் சேர்ந்திருக்கும்; அளவும் மாட்டுக்கானது.

நீங்கள் குறை வைக்காமல்தான் கறி போட்டிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அதில்தான். தனிக் கறியில் கால்சியம் 1 பங்கு என்றால் பாஸ்பரஸ் 15, 20 பங்கு. ஈரலில் இன்னும் மோசம். வளரும் குட்டிக்கோ கால்சியம் ஒரு பிடி தூக்கலாகவே இருக்க வேண்டும். தீனியில் அது வராவிட்டால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து உருவி ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகத் தெரியலாம். எக்ஸ்ரேயில்தான் எலும்பு வெண்மை குறைந்து மங்கலாக, சுவர் மெலிந்து தெரியும். அப்படிப்பட்ட எலும்பு மூட்டை மேலிருந்து குதித்தாலே ஒடியும். எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு இது வருவது அரிது, எலியை எலும்போடுதானே தின்கிறது!

வெயிலில் விட்டால் சரியாகுமா என்று பலர் கேட்பார்கள். பூனையின் தோல் தேவைக்கு வைட்டமின் டி தயாரிக்காது, அது தீனியிலிருந்தே வர வேண்டும். பாலும் ஈடுகட்டாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுங்கள். கால் இழுப்பதால் முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கொண்டு போகும்போது அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். வலிக்கென்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

அப்புறம், சில வாரம் ஏறிக் குதிக்க முடியாத சிறிய கூண்டில் வையுங்கள். தீனியை, குட்டிகளுக்கான முழுச்சத்து என்று அச்சிட்ட பாக்கெட் தீவனத்துக்கு மாற்றுங்கள். கறிக்குப் பழகிய குட்டி முரண்டு பிடிக்கும். கறியோடு கலந்து, ஒரு வாரத்தில் கறியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கால்சியம் மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

முதுகெலும்பு ஒடியாமல் இருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் இடுப்பெலும்பு கோணி ஒட்டினால் மலச்சிக்கல் தங்கிவிடும், குட்டி போடுவதும் சிக்கலாகும். பெண் குட்டி என்பதால், தேறியதும் கருத்தடை அறுவைசிகிச்சைக்கு நாள் கேட்டு வையுங்கள்.