கைவிடப்பட்ட பொருளைச் சுற்றி எவ்வளவு வெட்டலாம்?

பழைய வண்டி, கிணறு, ஏர் என்று கிராமத்தில் கைவிடப்பட்டுக் கிடப்பதைப் படமெடுத்து, எப்படி கிராப் செய்தாலும் வெறும் பொருளாகத்தான் தெரிகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளை ஒட்டி வெட்டிவிடுவதுதான் காரணம் என்பேன். அது ஏன் அங்கே கிடக்கிறது என்பதற்கான தடயம் படத்துக்குள் இருக்க வேண்டும்.

கோவில்பட்டி, கயத்தாறு பக்கம் நான் விரும்பி எடுப்பது பழைய கமலைக் கிணறுகளை, அதாவது மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கிணறுகளை. கிணற்று விளிம்பில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். தூண்களை மட்டும் வைத்து வெட்டினால் பார்ப்பவர் நடுகல் என்றே நினைப்பார். தூண்களிலிருந்து தண்ணீர் அள்ளும் சால் என்ற பெரிய வாளியை மாடுகள் இழுத்தபடி இறங்கிய சரிவு ஒன்று இருக்கும். நீளம் ஏறக்குறைய கிணற்றின் ஆழம். இன்று அதில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். பக்கத்திலேயே மோட்டார் ரூமும் கரண்ட் கம்பமும். தூண், சரிவு, மோட்டார் ரூம் மூன்றும் சேர்ந்தால் கமலை ஏன் நின்றது என்று படமே சொல்லிவிடும். கரண்ட் கம்பியை அழகுக்காக அழிக்கிறார்கள், தயவுசெய்து அழிக்காதீர்கள்.

சரிவின் அடியில் குனிந்து நின்று மேலே பாருங்கள், தூண்கள் வானத்தில் தெளிவாகத் தெரியும். பின்னால் காற்றாலை இருந்தால், அது தூணின் தலையில் முளைத்தது போலத் தெரியாதபடி ஓரடி நகருங்கள். வைடு லென்ஸில் நெருங்கினால் மோட்டார் ரூம் புள்ளியாகிவிடும். தள்ளிப்போய் 50 அல்லது 70 மி.மீ. வைத்தால் அருகில் வரும். உச்சி வெயிலில் சரிவே தெரியாது, சாயங்காலப் பக்கவெளிச்சம்தான் அதைக் காட்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் கிராப்புக்கு வேலை குறைவு. 6000×4000 பிக்சல் படத்தை 16:9 ஆக்கினால் 6000×3375. உபரி வானம்தான் போகும். சதுரமாக்கினால் அகலத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடும், பெரும்பாலும் சரிவோ மோட்டார் ரூமோ அதோடு போகும். நீள அகலத்தைப் பாதியாக்கினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல், 300 டிபிஐ பிரிண்டுக்குப் பத்து அங்குல அகலம்.

சாய்வைத் திருத்தும்போது மூலைகள் வெட்டுப்படும், எடுக்கும்போதே இடம் விடுங்கள். மோட்டார் ரூம் சுவரை வைத்து நேராக்குங்கள், தூணை வைத்து வேண்டாம். தூண் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வு படத்தில் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று, தோட்டத்துச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். இந்தக் கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கிடையாது. கேமராவில் கண்ணை வைத்தபடி பின்னால் நடக்கவே கூடாது.