வாடகை வீட்டில் போஹோ அலங்காரம்: சுவரில் கை வைக்காமல் எப்படி?

கேள்வி: பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கம் 2 பிஹெச்கே ஃப்ளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எல்லாச் சுவரும் வெள்ளை, தரை பளபளக்கும் டைல்ஸ், எல்லா அறையிலும் வெள்ளை எல்இடி. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. மண் நிறம், பிரம்பு, துணி, செடி என்று போஹோ பாணியில் மாற்ற ஆசை. ஒரு இன்டீரியர் ஆள் வால்பேப்பர், ஃபால்ஸ் சீலிங் விளக்கு எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய் கேட்கிறார். எங்களிடம் இருப்பது 40,000. ஓனர் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார். ஐந்து மாத வாடகை அட்வான்ஸாக அவரிடம் இருக்கிறது. என்ன செய்யலாம்? வெயிலும் குறைவு, செடி வருமா?
— வாசகி, பெங்களூர்

அந்த 1,85,000 ரூபாய் மதிப்பீட்டுக்கு முதலில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். அவர் அழகுபடுத்தப் போவது சுவரையும் கூரையையும். இரண்டும் ஓனருடையவை, காலி செய்யும்போது அங்கேயே நின்றுவிடும். நீங்கள் தேடும் இதம் விளக்கின் நிறத்தில் இருக்கிறது, அடுத்தது துணியில், அதற்கடுத்து தரையில். மூன்றையும் லாரியில் ஏற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வெள்ளைச் சுவரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. செம்மண் நிறமும் கடுகு மஞ்சளும் வெள்ளைக்கு முன்னால்தான் நன்றாக எடுக்கும்.

விளக்கில் தொடங்குங்கள். இப்போது உங்கள் கூரையில் எரிவது பெரும்பாலும் 6500கே (கே என்பது கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு). பாக்கெட்டில் ‘கூல் டே லைட்’ என்று போட்டிருக்கும். நீங்கள் வாங்க வேண்டியது 2700கே, கிடைக்காவிட்டால் 3000கே. அது ‘வார்ம் ஒயிட்’. கடைக்காரர் ‘வெளிச்சம் பத்தாது’ என்பார். வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமன். 9 வாட் எல்இடி எந்த நிறமானாலும் ஏறக்குறைய 800, 900 லூமன் தரும். பாக்கெட்டில் சிஆர்ஐ என்ற எண்ணையும் பாருங்கள், பொருள்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதை அது சொல்லும். 80 சாதாரணம். 90 இருந்தால் சிவப்பும் காவியும் அழுக்கடைந்தது போலத் தெரியாது. ஹாலுக்கு மூன்று விளக்கு போதும்: சோபா பக்கத்தில் நிற்கும் விளக்கு ஒன்று 9 வாட்டில், தாழ்ந்த அலமாரி மேல் ஒன்று 9 வாட்டில், எதிர் மூலையில் செடிக்குப் பின்னால் 5 வாட்டில் ஒன்று. மூன்றும் வெவ்வேறு உயரத்தில் இருக்கட்டும், எந்த பல்பும் கண்ணுக்கு நேராகத் தெரியக் கூடாது. கூரை விளக்கைக் கழற்ற வேண்டாம், வீடு பெருக்கும்போது உதவும். மாலையில் அதை அணைத்துவிட்டு இவற்றை மட்டும் போடுங்கள். இரண்டு நிறமும் சேர்ந்து எரிந்தால் சுவர் நீலம் பாய்ந்து, விளக்கு மூலை மஞ்சள் கறையாகத் தெரியும்.

ஹோல்டரையும் பார்த்து வாங்குங்கள். நம் வீட்டு பல்புகள் பெரும்பாலும் பி22 பின் வகை. ஆன்லைனில் வரும் பிரம்பு விளக்குகளில் பெரும்பாலும் இ27 திருகு ஹோல்டர் இருக்கும். பிரம்புக் கூட்டுக்குள் எல்இடி தவிர வேறெதையும் போடாதீர்கள். ஒயரை விரிப்புக்கு அடியில் ஓட்டாதீர்கள். மிதிபட்டு உறை நசுங்கும், சூடும் வெளியே போகாது.

இப்போது வால்பேப்பர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வாடகைக்காரர்களின் அட்வான்ஸ் கரையும் வழிகளில் இது முக்கியமானது. ‘உரித்தால் அப்படியே வந்துவிடும், தடமே தெரியாது’ என்பார்கள். கண்ணாடியிலும் லேமினேட் பலகையிலும் அது உண்மை. உங்கள் சுவரில் சிமென்ட் பூச்சுக்கு மேல் பட்டி என்ற வழவழப்பான வெள்ளைப் பூச்சு, பட்டிக்கு மேல் மலிவான எமல்ஷன் பெயின்ட் இருக்கும். பேப்பரின் பசை பெயின்ட்டைப் பிடிக்கும் பிடி, பட்டி சுவரைப் பிடிக்கும் பிடியைவிட வலுவானது. உரிக்கும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பட்டியோடு பெயர்ந்து வரும். பிறகு அந்தச் சுவர் முழுவதையும் பட்டி பார்த்து அடிக்க வேண்டும். இரட்டைப் பக்கப் பசை டேப்புக்கும் ஒட்டுக் கொக்கிகளுக்கும் இதே கதிதான். அவை டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் மட்டும்.

கணக்கிலும் ஏமாற்று உண்டு. வழக்கமான ரோல் 21 அங்குல அகலம், 10 மீட்டர் நீளம்; 57 சதுர அடி என்று விற்கிறார்கள். 12 அடி அகலம், ஒன்பதரை அடி உயரச் சுவர் 114 சதுர அடி. ‘சரியாக இரண்டு ரோல்’ என்று விலை சொல்வார்கள். ஆனால் ஒரு ரோலில் அந்த உயரத்துக்கு மூன்று பட்டைதான் வெட்டலாம். 12 அடியை மூட ஏழு பட்டை வேண்டும். இரண்டு ரோலில் ஆறுதான் வரும். பாதிச் சுவர் ஒட்டிய பிறகு மூன்றாவது ரோலுக்குப் பணம் கேட்பார்கள், அப்போது உங்களால் மறுக்க முடியாது. இது போதாதென்று, மழை அடிக்கும் மேற்கு வெளிச்சுவராக இருந்தால் பேப்பருக்குப் பின்னால் ஓதம் தங்கி அக்டோபருக்குள் கறுப்புப் பூஞ்சை கிளம்பும். வாடகை வீட்டில் வால்பேப்பர் ஒட்டச் சொல்லும் எந்த ஆலோசகரையும் நம்பாதீர்கள்.

‘டிசைன் இலவசம்’ என்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். இலவசம் என்பவருக்குக் கடைக்காரர் தரும் கமிஷன்தான் வருமானம், அந்தத் தொகை உங்கள் பில்லுக்குள் ஏறியிருக்கும். ஒட்டுமொத்தமாக ஒரே தொகை எழுதிய மதிப்பீட்டை வாங்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அளவு, எண்ணிக்கை, விலை, ஜிஎஸ்டி தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரோடு மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஆணி விஷயத்தில் ஒரே ஒரு விலக்கு, அது ஜன்னல் திரை. மற்றதெல்லாம் சுவரில் சாய்த்து வைக்கலாம், அலமாரி மேல் வைக்கலாம். கனமான திரைக்குத் துளை இல்லாமல் முடியாது. ஸ்பிரிங் ராடு நான்கு அடி வரை, லேசான துணிக்குச் சரி. அதற்கு மேல் நடுவில் தொய்ந்து ஒரு நாள் விழும். அதனால் ஓனரிடம் பொதுவாக ‘ஆணி அடிக்கலாமா’ என்று கேட்காதீர்கள். ‘கூடாது’ என்றுதான் பதில் வரும். ‘மூன்று ஜன்னலுக்குத் திரை பிராக்கெட், ஜன்னலுக்கு ஆறு துளை, காலி செய்யும்போது பட்டி வைத்து அடைத்துத் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். அடுத்து வரும் குடித்தனத்துக்கும் திரை வேண்டியிருக்கும் என்பதால் இதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

துளை போடும் இடமும் முக்கியம். ஜன்னலுக்கு நேர் மேலே ஏறக்குறைய அரையடி உயரத்துக்கு லின்டல், அதாவது மேல்சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம் இருக்கும். உள்ளே கம்பி ஓடும். சாதாரண ட்ரில் அங்கே நின்றுவிடும். ஆள் அழுத்தி அழுத்திப் பூச்சைப் பெயர்த்துவிடுவார். எட்டு, ஒன்பது அங்குலம் மேலே போங்கள். ராடு உயரமாக இருந்தால் ஜன்னலும் பெரிதாகத் தெரியும். துளை ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போக வேண்டும். மேற்பூச்சே ஒன்றரை சென்டிமீட்டர்; திருகாணியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் அதற்குள்ளேயே நின்றால் திரையை இழுத்ததும் கழன்று வரும். புதிய டவர்கள் பலவற்றில் சுவர் முழுக்கக் கான்கிரீட்டாகவே இருக்கும், அங்கே ஹாமர் ட்ரில் இல்லாமல் வேலைக்கு ஆகாது. இதை மெயின்டனன்ஸ் ஆபீஸில் முன்கூட்டியே கேளுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே ஒரு சாண் அகலத்துக்குக் கை வைக்காதீர்கள், ஒயர் குழாய் நேராக மேலே போகும். பாத்ரூமுக்குப் பொதுவான சுவரிலும் வேண்டாம். ராடு ஜன்னலைவிட இரு பக்கமும் அரையடி நீண்டிருக்கட்டும். ஆறு அடியைத் தாண்டினால் நடுவில் மூன்றாவது பிராக்கெட் தேவை.

துணிக்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம். மதுரைச் சுங்குடியோ வேறு பருத்திப் புடவையோ ஐந்தரை மீட்டர், 45 அங்குல அகலம். அதிலிருந்து ஏழடித் திரை இரண்டு வரும், மிச்சத்தில் 16 அங்குலக் குஷனுக்கு இரண்டு முகப்பு வெட்டலாம். கடையில் ஜோடியாக விற்கும் ரெடிமேடுகள் பெரும்பாலும் நாலடி அகலம். ஆறடி ராடுக்கு ஒரு ஜோடி போட்டால் விரித்துக் கட்டிய வேட்டியாகத் தட்டையாக நிற்கும். துணியின் மொத்த அகலம் ராடைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் மடிப்பு விழும். தைப்பதற்கு முன் ஒரு முறை தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பருத்தி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் திரை தரைக்கு மேல் ஏறி நிற்கும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். மேற்கு ஜன்னலுக்கு வெள்ளைப் பருத்தி லைனிங் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு கோடையில் வெளுத்துவிடும். ஒரு பெரிய பூ அச்சு, ஒரு சின்ன புள்ளி அச்சு, மீதியெல்லாம் வெறும் நிறம். அதற்கு மேல் போனால் ஜவுளிக்கடை அடுக்கு ஆகிவிடும்.

தரைக்குச் சணல் விரிப்பைப் பலரும் சொல்வார்கள். வேண்டாம். தண்ணீர் சிந்தினால் பழுப்புக் கறை, மழைக்காலத்தில் பூஞ்சை, துவைக்கவும் முடியாது. பருத்தி ஜமக்காளம் வாங்குங்கள். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் ஜமக்காளம் இருக்கிறது, விசைத்தறியில் நெய்வது குற்றம். ஆனாலும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் தாராளமாக விற்கிறது, தட்டிக்கேட்க ஆளில்லை. கைத்தறி முத்திரை பார்த்து, பில்லோடு வாங்குங்கள். அளவில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். மூன்றுக்கு ஐந்து அடி நடு ஹாலில் தீவாகக் கிடக்கும். சோபாவின் முன்கால்கள் விரிப்பின் மேல் ஏற வேண்டும். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு ஐந்துக்கு எட்டு அடி. உங்கள் டைல் இரண்டடிச் சதுரமாக இருந்தால் இரண்டரை டைல் அகலம், நான்கு டைல் நீளம். செய்தித்தாளை அந்த அளவுக்கு விரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் வலை.

பிரம்பு நாற்காலி ஒன்று போதும். சிவாஜிநகர் பாம்பூ பஜார் பக்கம் கேட்டுப் பாருங்கள். பழையதாக இருந்தால் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். குண்டூசி முனை ஓட்டைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் உளுத்துவிட்டது, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீட்டு மரச்சாமானுக்கும் பரவும். 40,000-இல் திரைக்கு 12,000, விளக்குக்கு 8,000, விரிப்புக்கு 8,000, நாற்காலிக்கு 7,000, செடிக்கு 2,500 என்று ஒதுக்குங்கள். மீதியைத் தொடாமல் வையுங்கள், துளை அடைக்கும் ஆளுக்கு வேண்டும்.

அட்வான்ஸைப் பற்றி. 2021-இல் வந்த மாதிரி வாடகைச் சட்டம் வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் அது மாதிரிதான். ஒவ்வொரு மாநிலமும் தானே சட்டமாக்கினால் மட்டுமே செல்லும். அதுவரை ஐந்து மாதமும் பத்து மாதமும் கொடுத்துவிட்டு, காலி செய்யும் நாளில் பில் கூடக் காட்டாமல் ‘பெயின்டிங்’ என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதைக் குடித்தனக்காரர்கள் சகித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இது நியாயமே இல்லை. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆவது பிரிவு, சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்குக் குடித்தனக்காரர் பொறுப்பில்லை என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒப்பந்தமே செல்லும். உங்கள் 11 மாத ஒப்பந்தத்தை எடுத்துப் பெயின்டிங் வரியைப் படியுங்கள். எப்படியும் ஒரு மாத வாடகை பிடிப்பேன் என்று எழுதியிருந்தால், புதுப்பிக்கும்போது ‘பில்லின்படி’ என்று மாற்றக் கேளுங்கள். இன்றே எல்லாச் சுவரையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து ஓனருக்கு அனுப்பிவையுங்கள். பெயின்ட்டின் ஷேடு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். துளையை அடைக்கும்போது பட்டியை இரண்டு முறை வைக்க வேண்டும், முதல் முறை வைத்தது காய்ந்ததும் உள்வாங்கும். அதன் மேல் மட்டும் பெயின்ட் தொட்டால் திட்டாகத் தெரியும், அந்தச் சுவரை மூலையிலிருந்து மூலை வரை அடிக்கச் சொல்லுங்கள்.

செடிகள் வரும். வெயில் குறைந்த ஹாலுக்கு மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட் மூன்றும் போதும். அரிக்கா பாமுக்கு ஜன்னல் ஓர வெளிச்சம் வேண்டும். படங்களில் பார்த்து மயங்கும் ஃபிடில் லீஃப் உங்கள் ஹாலில் இலை கொட்டிவிடும். இந்த வீடுகளில் செடிகள் சாவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான். விரலை இரண்டு கணு மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். லால்பாக் நர்சரியில் சின்னச் செடியாக வாங்கி, மண் தொட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள். கயிற்று உறியில் தொங்கவிடுவதென்றால் ஃபால்ஸ் சீலிங்கில் கொக்கி போடாதீர்கள். ஈர மண்ணோடு எட்டு அங்குலத் தொட்டி நான்கைந்து கிலோ வரும், அந்த ஜிப்சம் பலகை தாங்காது. பால்கனி கம்பியில் உள்பக்கமாகக் கட்டுங்கள்.