இலவசக் குளிசையின் செலவு

திருகோணமலை மாவட்ட வாசகர்கள் வலிநிவாரணி மருந்துகள் பற்றி அனுப்பியிருந்த கேள்விகளுக்கு, அரச வைத்தியசாலைகளில் பணியாற்றி இளைப்பாறிய மருந்தாளர் ஒருவர் இம்முறை பதிலளிக்கிறார்.

கேள்வி: லண்டனில் வசிக்கும் என் அக்கா அறுபது வயதைத் தாண்டியவர் என்பதால் அவருக்கு அங்கே மருந்து இலவசம். காய்ச்சலும் உடல்நோவும் கண்டபோது பரசிட்டமோல் எழுதித் தருமாறு குடும்ப வைத்தியரிடம் கேட்டிருக்கிறார். கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். சில்லறைக் காசு பெறும் குளிசையை மறுத்து அந்த அரசு எதை மிச்சம் பிடிக்கப் போகிறது, ஐயா?
– வாசகர், உவர்மலை

பதில்: குளிசையின் விலையை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி முற்றிலும் நியாயமானதே. ஆனால் வைத்தியர் எழுதி, மருந்தகம் வழங்கி, அரசு பணம் செலுத்தும் ஒரு குளிசைக்கு வேறு செலவுகளும் சேர்கின்றன. நோயாளியைப் பார்க்கும் நிமிடங்களுக்கும், மருந்துத் துண்டை எழுதிப் பதிவுசெய்வதற்கும், மருந்தகம் எண்ணிக் கொடுப்பதற்கும், பின்னர் அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்கும் பொதுப்பணமே செல்கிறது. இங்கிலாந்தின் சுகாதார சேவை இதை விளக்க வாந்தியை நிறுத்தும் மருந்தொன்றை உதாரணமாகக் காட்டியது. 12 குளிசைகள் கொண்ட பெட்டியை மருந்தகத்தில் சுமார் 2 பவுணுக்கு வாங்கலாம். அதையே வைத்தியரின் துண்டுக்கு வழங்கினால், வழங்கற் கட்டணம் சேர்ந்து 3 பவுணுக்கு மேலாகிறது. வைத்தியரின் நேரத்தையும் நிர்வாகச் செலவையும் கூட்டினால் 35 பவுணைத் தாண்டிவிடுகிறது.

2017 ஜூன் வரையான ஓராண்டில், துண்டு இல்லாமலே வாங்கக்கூடிய மருந்துகளைத் துண்டுக்கு வழங்கியதில் இங்கிலாந்து ஏறத்தாழ 569 மில்லியன் பவுண் செலவிட்டது. இத்தொகையில் வலிநிவாரணி மட்டுமன்றி இருமல், மலச்சிக்கல், பொடுகு போன்றவற்றுக்கான மருந்துகளும் அடங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. அதன்பின் 2018 மார்ச்சில், தானாகவே மாறிவிடும் அல்லது வீட்டிலேயே கவனித்துக்கொள்ளக்கூடிய 35 சிறு நோய்நிலைகளுக்கு இத்தகைய மருந்துகளை வழக்கமாக எழுத வேண்டாம் என்று வைத்தியர்களுக்கு வழிகாட்டல் வந்தது. உங்கள் அக்காவுக்குச் சொல்லப்பட்டதும் அதன்படிதான்.

ஆனால் இது தடையன்று. மூட்டுவாதம் போன்ற நீண்டகால நோய்க்கு ஒழுங்காக வலிநிவாரணி தேவைப்படுபவர்களுக்கும், உடல், மன அல்லது சமூக நிலை காரணமாகத் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாதவர்களுக்கும் அது பொருந்தாது. ஆகவே அக்காவுக்கு நாட்பட்ட மூட்டுநோய் இருந்தால் அதைச் சொல்லிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. மருந்துக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெறாத ஒருவரோ அங்கே ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண் செலுத்த வேண்டும். கடையில் ஒரு பவுணுக்கும் குறைவாகக் கிடைக்கும் பரசிட்டமோலுக்காக அவர் துண்டு எடுப்பது அவருக்கே நட்டம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் அந்தக் கட்டணம் அறவே இல்லை.

கேள்வி: நம் நாட்டிலும் காய்ச்சல், தலையிடிக்கு வருபவர்களிடம் பனடோலைக் கடையில் வாங்கச் சொன்னால் ஆஸ்பத்திரிகளில் நெரிசலும் அரசின் செலவும் குறையாதா? வெளிநோயாளர் பிரிவில் காலையிலிருந்து வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.
– வாசகி, கிண்ணியா

பதில்: நெரிசலைப் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, அந்த வரிசையின் மறுபுறத்தில் நின்று மருந்து கொடுத்தவன் நான். எனினும் இங்கிலாந்தின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. அங்கே மிச்சமாவது பெரும்பாலும் வைத்தியரின் நேரமும் மருந்தகத்துக்குச் செலுத்தும் கட்டணமுமாகும். நம் அரச வைத்தியசாலைகளிலோ வைத்தியரும் மருந்தாளரும் மாதச் சம்பளம் பெறும் அரச ஊழியர்கள். வைத்தியர் நோயாளியைப் பார்த்து முடித்தபின், குளிசையை மட்டும் வெளியில் வாங்கச் சொன்னால், மொத்தமாக மிகக் குறைந்த விலைக்கு வாங்கிய அந்தக் குளிசையின் விலை மட்டுமே அரசுக்கு மிச்சம். அந்தச் சிறு தொகை நாட்கூலிக்காரரின் சட்டைப்பைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவான ஆண்டில், அதன் தொடக்க மாதங்களிலேயே கிண்ணியா எவ்வளவு கடுமையாகப் பாதிக்கப்பட்டது என்பதை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். டெங்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கத்தக்க வலிநிவாரணி பரசிட்டமோல் ஒன்றே. அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனக் ஆகியவை இரத்தக் கசிவை அதிகரித்து உயிருக்கே ஆபத்தை வரவழைக்கக்கூடியவை. இலவசக் குளிசை கிடைக்கும் என்று ஆஸ்பத்திரிக்கு வரும் காய்ச்சற்காரரை ஒரு வைத்தியர் பார்க்கிறார், எத்தனையாவது நாள் என்று கேட்கிறார், தேவையானால் இரத்தம் சோதித்துக் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறார். அதே மனிதர் சந்தியில் உள்ள கடைக்குப் போய் "நோவுக்கு ஏதும் தாங்கோ" என்று கேட்டு வாங்கி விழுங்கினால், என்ன விழுங்கினார் என்பது யாருக்கும் தெரியாது. பின்பு அவர் இரத்த அழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சி நிலையில் கொண்டுவரப்பட்டால், அவரைக் காப்பாற்றச் செலவாகும் பொதுப்பணத்தைக் கொண்டு எத்தனை பெட்டி பரசிட்டமோல் வாங்கியிருக்கலாம்! ஆகவே காய்ச்சலுக்கு வருபவரைத் திருப்பி அனுப்புவதைச் சிக்கனம் என்று என்னால் ஏற்க முடியாது.

மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உள்ளன. நோவோ காய்ச்சலோ இல்லாதபோதும் "பனடோல் கொஞ்சம் எழுதிவிடுங்கோ, டொக்டர்" என்று கேட்டு வாங்கி அலுமாரியில் சேர்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு எழுதும்போது, சென்ற மாதம் கொடுத்தது எவ்வளவு மீதம் என்று எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. அந்த நிமிடத்தையும் தராத நெரிசலுக்குத் தீர்வு, பெரியாஸ்பத்திரிக்கு வர வேண்டிய தேவையே ஏற்படாதபடி கிராமத்துச் சிகிச்சை நிலையங்களை வைத்தியரும் மருந்தும் உள்ளவையாக வைத்திருப்பதுதான்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் தரும் பெயரில்லாத பரசிட்டமோல் நோவைக் கேட்பதில்லை என்று என் மனைவி பாமசியில் பனடோல்தான் வாங்குகிறார். உண்மையில் வித்தியாசம் உண்டா?
– வாசகர், மூதூர்

பதில்: இரண்டிலும் உள்ளது 500 மில்லிகிராம் பரசிட்டமோலே. தரச் சோதனையில் தேறிய குளிசை எந்தப் பெயரில் வந்தாலும் வேலை ஒன்றுதான்.

இந்த உண்மையைப் பொதுக்கொள்கையாக்கியவர் நம் நாட்டவரான பேராசிரியர் சேனக பிபிலே என்பதை இளையவர்கள் பலர் அறிவதில்லை. 1971இல் உருவாக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் பல விலைகளுக்கு விற்ற காலத்தில், தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கி, மருந்தின் பொதுப்பெயரிலேயே உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கும் முறையை அவர் கொண்டுவந்தார். 1987இல் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. வலிநிவாரணிக்குச் செலவாகும் பொதுப்பணத்தைக் குறைக்க நாம் கண்ட வழி இதுவே: நோயாளிக்கு மறுக்காமல், வாங்கும் விலையைக் குறைப்பது. இங்கிலாந்தின் வழியைவிட இதை நான் மேலாகக் கருதுகிறேன்.

உங்கள் மனைவியின் ஐயத்தையும் நான் அலட்சியம் செய்யவில்லை. 2022இன் மருந்துத் தட்டுப்பாடும், 2023இல் வெளிவந்த தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரமும் மக்களின் நம்பிக்கையைக் குலைத்துவிட்டன; தரச் சோதனையில் ஒரு சதம்கூட மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதற்கு அவையே சான்று. குளிசை பொடிந்தோ நிறம் மாறியோ இருந்தால் எறிந்துவிடாமல், பெற்ற இடத்திலேயே காட்டி முறையிடுங்கள்.

கேள்வி: நான் கடற்றொழிலாளி. வலை இழுத்து இழுத்து இடுப்பு விட்டுப்போயிற்று. போகும்போதெல்லாம் பரசிட்டமோலும் சிலவேளை டைக்ளோஃபெனக்கும் தருகிறார்கள். வருடக்கணக்காக விழுங்குகிறேன், பெரிய சுகம் இல்லை.
– வாசகர், குச்சவெளி

பதில்: உங்களுக்குச் சுகம் கிடைக்காதது வியப்பன்று. திடீரென வந்த இடுப்புநோவுடைய சுமார் 1,650 பேரிடம் அவுஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், பரசிட்டமோலை ஒழுங்காக எடுத்தவர்களும் தேவைப்படும்போது எடுத்தவர்களும் குணமாக நடுத்தரமாக 17 நாட்கள் ஆயின. மருந்தற்ற வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கு 16 நாட்கள். இதுபோன்ற சான்றுகளைப் பார்த்தபின், இடுப்புநோவுக்குப் பரசிட்டமோலை மட்டும் தனியே கொடுக்க வேண்டாம் என்று 2016இல் பிரித்தானிய வழிகாட்டல் கூறியது. பயன் தராத மருந்துக்குச் செய்யும் செலவு, குளிசை எவ்வளவு மலிவாயினும் வீண் செலவே.

டைக்ளோஃபெனக் வேறு விதமானது. அது நோவைக் குறைக்கும். ஆனால் நீண்டகாலம் எடுத்தால் இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம், இரத்த அழுத்தத்தை ஏற்றலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வெயிலில் வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல் கடலில் நிற்பவருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் ஆபத்து இன்னும் கூடுதல். சில ரூபாய்க் குளிசையால் ஒருவர் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக நேர்ந்தால், அச்செலவு வலிநிவாரணியின் கணக்கில் எங்கும் எழுதப்படுவதில்லை. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

அடுத்த முறை மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எத்தனை வருடமாக எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, சிறுநீரகத்தைச் சோதிக்கவும் பிசியோதெரபிக்கு அனுப்பவும் கேளுங்கள். கால் விறைப்பு, பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே போக வேண்டும்.

கேள்வி: கிளினிக்கில் தந்த பரசிட்டமோல் வீட்டில் ஒரு பை நிறைய இருக்கிறது. வைத்திருப்பதில் தவறுண்டா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: ஆபத்து உண்டு. பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் எடுக்கக்கூடியது ஆகக்கூடியது 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. அதற்கு மேல் போனால் ஈரல் பழுதடையலாம். பழுது வெளித்தெரிய ஓரிரு நாளாகலாம் என்பதால், கூடுதலாக விழுங்கியவர் நலமாகத் தெரிந்தாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தடிமனுக்கு விற்கும் பல குளிசைகளிலும் பரசிட்டமோல் கலந்திருப்பதால் தெரியாமலே அளவு மிஞ்சுவதும் உண்டு. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் ஒரு அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை அடுத்த கிளினிக்குக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள். இவ்வளவு இருக்கிறது, இம்மாதம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் வைத்தியர் கொப்பியில் அதை வெட்டிவிடுவார்.