ஆர்க்டிக் தீவில் பனியாறு ஆய்வு செய்பவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள், கையில் துப்பாக்கி எதற்கு?

குச்சி நடுவோம், அப்புறம் அந்தக் குச்சியை அளப்போம். சிரிக்காதீர்கள், பாதி வேலை நிஜமாகவே அதுதான்.

நான் இரண்டு முறை போன இடம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள நி-ஓலசுண்ட். ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய ஊர், இப்போது ஆராய்ச்சி ஊர். 2008இல் தொடங்கிய இந்தியாவின் ஹிமாத்ரி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. (கிளேசியரைப் பனிப்பாறை என்று எழுதுகிறார்கள், எனக்குப் பனியாறு என்பதுதான் பிடிக்கும், நகர்கிறதே!)

நீராவிக் கருவியால் பனிக்கட்டியில் பல மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டுக் குச்சியை இறக்குவோம். போன வருடம் 40 செ.மீ. வெளியே தெரிந்தது இந்த செப்டம்பரில் 190 என்றால், அந்த இடத்தில் 150 செ.மீ. பனிக்கட்டி போய்விட்டது. பனிக்கட்டியின் அடர்த்தி தண்ணீரில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு, ஆகவே கணக்கில் 135 செ.மீ. தண்ணீர் என்று எழுதுவோம். பனியாற்றின் வரவு செலவுக் கணக்கில் இது செலவுப் பக்கம். வரவை, அதாவது குளிர்காலத்தில் விழுந்த பனியைப் பார்க்க ஏப்ரல், மே மாதங்களில் போய், போன கோடையில் இருந்த பரப்பு தட்டுப்படும் வரை பனியில் குழி தோண்டி, அடுக்கடுக்காக வெட்டியெடுத்து எடை போட வேண்டும். முதுகு போய்விடும். பக்கத்துப் பனியாறுகளில் நார்வேக்காரர்கள் 1960களிலிருந்தே இப்படி அளக்கிறார்கள், பெரும்பாலான வருடங்கள் நட்டம்தான்.

துப்பாக்கி பனிக்கரடிக்காக. ஊர் எல்லையைத் தாண்டினால் அது இல்லாமல் போகக்கூடாது, சுடும் பயிற்சியும் உண்டு. ஒருவர் குழி தோண்டினால் இன்னொருவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டு நிற்பார், மாற்றி மாற்றி. ஊருக்குள் யாரும் கதவைப் பூட்டுவதில்லை, கரடி வந்தால் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழையலாம். நான் கரடியைப் பார்த்ததில்லை, காலடித் தடம் மட்டும்தான், அதுவே போதும் சாமி.

வைஃபை, புளூடூத் எதுவும் போடக்கூடாது, அங்குள்ள ரேடியோ தொலைநோக்கிக் கருவிகளுக்கு இடைஞ்சல். வீட்டில் அம்மாவுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

குளிரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கோடையில் ஐந்தாறு டிகிரி இருக்கும், அதைவிட மோசம் உருகிய நீரோடைகளைத் தாண்டும்போது பூட்ஸுக்குள் தண்ணீர் புகுவது. இரண்டாம் முறை அப்படி நனைந்த காலோடு கீழ்ப்பகுதிக் குச்சி ஒன்றைத் தேடிப் போனால், அது பனிமேல் படுத்துக் கிடக்கிறது, நட்ட ஆழம் முழுவதும் உருகிவிட்டது. குறிப்பேட்டில் "குறைந்தபட்சம் இவ்வளவு உருகியது" என்று மட்டும் எழுதிவிட்டு, அதே இடத்தில் இன்னும் ஆழமாகத் துளை போட்டோம்.