வாசகர் கேள்வி பதில்: எளிதில் கழற்றித் துடைக்கும் ரைபிள்

கேள்வி: கரும்புக்குள் இறங்கும் காட்டுப்பன்றிக்காக முதல் ரைபிள் வாங்கப்போகிறேன். தகுதிச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. லைசென்ஸுக்கு மனுப் போடுமுன் எந்த ரைபிள் என்று முடிவு செய்ய வேண்டும். கழற்றித் துடைக்கச் சுலபமானது எது?
– வாசகர், டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: கடையில் ரைபிளைக் கையில் வாங்கியதும் இரண்டே சோதனை. ஸ்குரூட்ரைவர் இல்லாமல் போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பேரலின் பின்வாயை மூடும் உருளை) வெளியே வருகிறதா? வந்தபின் பின்பக்கமிருந்து பார்த்தால் பேரலின் மறுமுனை வெளிச்சம் தெரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் போதும். அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றலாம் என்று விற்பவர் பெருமைப்பட்டால் மயங்கிவிடாதீர்கள். மரக்கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களை அடிக்கடி அவிழ்த்தால் இறுக்கம் மாறும். குண்டு விழும் இடமும் மாறும்.

பழைய துப்பாக்கிச் சந்தையில் எங்கள் ஓட்டு மவுசர் 98-க்கு. அதைக் கழற்றும்போது மேகசினைக் காலி செய்து, சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் பேரலின் பின்பகுதி) கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. போல்ட்டை மூடி, அடிக்கத் தயாரான நிலையில், போல்ட்டின் பின்னால் உள்ள சேஃப்டி இறக்கையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். போல்ட் கைப்பிடியைத் தூக்கி, இடப்பக்கம் உள்ள போல்ட் தடுப்பை வெளிப்புறமாக இழுத்தால் போல்ட் பின்னால் வந்துவிடும். போல்ட்டின் பின்மூடியின் இடப்பக்கமுள்ள சிறு பொத்தானை அழுத்தியபடி மூடியை இடஞ்சுழியாகத் திருகி எடுங்கள். அதோடு வரும் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) நுனியை ஒரு மரத்துண்டில் ஊன்றி, மூடியைக் கீழே அழுத்தி, மூடிக்குப் பின்னால் நீட்டியிருக்கும் பின்முனைத் துண்டைக் கால் சுற்றுத் திருப்பினால் எல்லாம் பிரியும். போல்ட் உடல், பின்மூடி, பின்முனைத் துண்டு, ஸ்பிரிங், ஃபயரிங் பின் என ஐந்தே உருப்படி. ஸ்பிரிங் வலுவானது. முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் சேஃப்டியில்தான். அது நடுவில் நிற்காவிட்டால் பின்முனைத் துண்டு முன்னால் நழுவி போல்ட்டின் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு மூடி திருகாது, போல்ட் திரும்ப உள்ளேயும் போகாது. வேட்டைக்காக மாற்றியமைத்த ரைபிள்களில் அந்த மூன்று நிலை இறக்கையே இருக்காது. அதற்கு, போல்ட் மூடித் தயார் நிலையில் இருக்கும்போதே பின்முனைத் துண்டுக்கும் மூடிக்கும் நடுவே மெல்லிய நாணயம் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

போயர் போரில் (1899–1902) பேர்பெற்ற 7 மி.மீ. மவுசர் இதற்கு முந்தைய மாடல். 98-இன் போல்ட்டைத் தாங்கும் மூன்றாவது பாதுகாப்புக் காது அதில் கிடையாது. மலிவாகக் கிடைத்தாலும், துப்பாக்கி மெக்கானிக் பார்க்காமல் அதில் புதுத் தோட்டா போடாதீர்கள்.

கேள்வி: தாத்தா காலத்து .303 லீ-என்ஃபீல்ட் முறைப்படி என் பெயருக்கு வந்திருக்கிறது. பேரலுக்குள் வெந்நீர் ஊற்றச் சொல்கிறார்கள். விளையாட்டாகச் சொல்கிறார்களா ஐயா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: விளையாட்டில்லை. ஆனால் நீங்கள் சுடும் தோட்டா எது என்பதைப் பொறுத்தது. பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் ப்ரைமரில் (அடி விழுந்ததும் முதலில் பற்றும் மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து பொட்டாசியம் குளோரைடு உப்பாகப் பேரலில் படியும்; காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் எண்ணெயை மட்டும் தேய்த்து வைத்த பேரலும் துருப்பிடிக்கிறது. புனலில் ரப்பர் குழாய் மாட்டி, சேம்பர் வழியாக ஒரு லிட்டர் கொதிநீர் விடுங்கள். பேரல் முனை கீழே இருக்கட்டும், மரத்தில் தண்ணீர் இறங்கக் கூடாது. போல்ட் முகப்பையும் ஈரத்துணியால் துடையுங்கள், உப்பு அங்கும் உண்டு. சூட்டில் உலோகம் தானாகக் காயும். காய்ந்ததும் துணி ஓட்டி, மெல்ல எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத்துணி ஓட்டிப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் இன்னொரு முறை. கடையில் இன்று வாங்கும் புதுத் தோட்டாவுக்கு இந்த வெந்நீர் வைத்தியம் தேவையில்லை.

இந்த ரைபிளில் போல்ட் கழற்றுவது எளிது. மூன்றாம் மார்க் (Mk III) மாடலில் போல்ட்டைக் கடைசிவரை இழுத்து, போல்ட் தலையை மேலே திருப்பினால் வந்துவிடும். பின்னால் வந்த நம்பர் 4 மாடல் என்றால் குறிபார்க்கும் பின் சைட்டை நிமிர்த்தி, வலப்பக்கத் தடுப்பை அழுத்திவிட்டுத் திருப்ப வேண்டும். போல்ட் எண்ணும் ரைபிள் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நம்பர் 4-இன் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை வெவ்வேறு நீளம். இன்னொரு ரைபிளின் தலையை மாட்டினால் தோட்டா உட்காரும் இடைவெளி கெடும்.

இன்னொன்று: மூன்றாம் மார்க்கில் முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீள ஸ்குரூவைத் திருகவே கூடாது. அதன் சதுர முனை முன்கட்டையில் உள்ள தகட்டில் பிடித்திருக்கிறது. திருகினால் நூறாண்டு மரம் ஒரே நொடியில் பிளக்கும்.

கேள்வி: என் .22 ரைபிள் ரூகர் 10/22-க்குப் பின்னாலிருந்து துடைக்கும் கோல் போகவில்லையே?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: போகாது, ரிசீவரின் (போல்ட் ஓடும் உடல்பகுதி) பின்சுவர் மூடியிருக்கிறது. நைலான் கயிற்றுத் துடைப்பானைச் சேம்பரில் விட்டு முன்முனை வழியாக இழுங்கள். ஈயக் குண்டுதான் சுடுகிறீர்கள் என்றால் செம்பு கரைப்பான் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். தோட்டா சிக்குகிறது என்றால் குற்றம் பேரலில் இருப்பது அபூர்வம். போல்ட் முகப்பு, வெற்றுத் தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடி, சேம்பர் விளிம்பு இவற்றில் மெழுகும் கரியும் சேர்ந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். துடைக்கும் வசதிதான் முக்கியம் என்றால் பழைய துப்பாக்கிச் சந்தையில், கையால் போல்ட் இழுக்கும் .22 ரைபிளான சிஇசட் 452 பாருங்கள். ட்ரிகரை அழுத்திக்கொண்டே போல்ட்டை இழுத்தால் கையோடு வரும்.

கேள்வி: தவறாமல் எண்ணெய் போடுகிறேன், பெட்டகத்துக்குள்ளேயே துரு வருகிறது. வீடு கடற்கரையில்.
– வாசகர், ஸ்காட்பர்க்

பதில்: என்ன எண்ணெய்? டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும். ஆனால் அதன் படலம் மெல்லியது, உப்புக்காற்றில் நாள்கணக்கில் காவல் காக்காது. அதன்மேல் துப்பாக்கி எண்ணெய் வேண்டும். ரைபிளைத் தோல் உறையிலோ பஞ்சுப் பெட்டியிலோ போட்டுப் பெட்டகத்தில் வைத்திருந்தால், இன்றே உறையை வெளியே எடுங்கள். அது ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டவைக்கும். சிலிக்கா ஜெல் ஈரம் குடித்துவிட்டால் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துக் காயவிடுங்கள். பெட்டகத்தை வெளிச்சுவரில் பதிக்காமல் உள்சுவரில் பதிப்பது நல்லது. தொட்ட இடமெல்லாம் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். விரல் வியர்வையும் உப்புதான்.

எண்ணெயை அள்ளி ஊற்றுவதும் ஆகாது. பேரல் மேல்நோக்கி நின்றால் எண்ணெய் இறங்கிக் கட்டையின் கழுத்து மரத்தை ஊறவைக்கும். முதல் இரவு பேரலைக் கீழ்நோக்கி நிறுத்துங்கள். போல்ட்டுக்குள் ஃபயரிங் பின்னைச் சுற்றி எண்ணெய் தேங்கினால், டிராகன்ஸ்பர்க் பக்கத்து ஜூலைக் குளிரில் அது கெட்டியாகி அடி பலவீனமாகும், தோட்டா வெடிக்காது. சுடப் போகுமுன் பேரலுக்கும் சேம்பருக்கும் உலர்ந்த துணி ஓட்டுங்கள். சேம்பர் வழுக்கினால் வெடிக்கும் நேரத்தில் தோட்டாவின் பித்தளை சுவரைப் பிடிக்காது, அழுத்தம் கூடுதலாகப் போல்ட்டின் மேல் விழும்.