வேலூர் புறநகருக்கு இலகு ரயில்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

காட்பாடியிலிருந்து பாகாயம் வரை இலகு ரயில் வேண்டும், அதன் ஒரு கிளை பொற்கோயில் இருக்கும் ஸ்ரீபுரத்துக்கும் இன்னொன்று சத்துவாச்சாரி வழியாக ஆற்காட்டுக்கும் நீள வேண்டும் என்று நம்மூர் இளைஞர்கள் சிலர் கோரிக்கை மனு எழுதியிருக்கிறார்கள். நான் போக்குவரத்துத் திட்டமிடலில் வேலை பார்த்தவன் என்பதால் கேள்விகள் எனக்கு வந்து சேர்ந்தன.

இலகு ரயில் என்றால் மெட்ரோதானே சார்? (காந்தி நகர்)

இல்லை. மெட்ரோ பெரும்பாலும் தூண் மேலே போகும், இல்லையென்றால் சுரங்கத்தில் போகும். இலகு ரயில் முடிந்தவரை தரையில், சாலை நடுவே வேலி போட்ட தனித் தடத்தில் போகும். நம் நாட்டில் இதை மெட்ரோலைட் என்கிறார்கள். ஒன்றிய அரசு 2019இல் இதற்கான தர விதிகளை வெளியிட்டது. மூன்று பெட்டி கொண்ட ஒரு வண்டியில் சுமார் 300 பேர் போகலாம். ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர் வரை போகும் வழித்தடத்துக்கு இது பொருந்தும்.

எனக்கு இதில் பிடித்தது தாழ்தளம். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி சிஎம்சி மருத்துவமனைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள், ஒரு கையில் எக்ஸ்ரே கவர், இன்னொரு கையில் நோயாளியின் தோள். பஸ் படி முழங்கால் உயரத்தில் இருக்கும். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் அவர் ஏறியாக வேண்டும். நடைமேடையும் வண்டித் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தால் அந்த நோயாளி யார் உதவியும் இல்லாமல் ஏறிவிடுவார்.

பள்ளிகொண்டா வரை வருமா? மனை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். (பள்ளிகொண்டா)

வாங்காதீர்கள். ரயில் வரும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள். இன்று இருப்பது ஒரு மனு மட்டும்தான். மனுவுக்குப் பிறகு ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை, ஒப்புதல், நிதி, நில எடுப்பு என்று எத்தனையோ படிகள் இருக்கின்றன. வண்ணக் கோடு போட்ட வரைபடத்தைக் காட்டி மனை விற்க வருகிறவரிடம் அரசாணை எண்ணைக் கேளுங்கள்.

வேலூருக்கு இதற்குத் தகுதி இருக்கிறதா? நேராகச் சொல்லுங்கள். (சத்துவாச்சாரி)

இன்றைய விதிப்படி கஷ்டம்தான். 2017 மெட்ரோ ரயில் கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையை அளவாக வைக்கிறது. கோவை, மதுரை மெட்ரோ அறிக்கைகளை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. 2011 கணக்குப்படி விரிவாக்கிய வேலூர் மாநகராட்சியில் இருப்பவர்கள் சுமார் 5 லட்சம் பேர்.

விதியை விட்டாலும் கணக்கு விடாது. 60 பேர் ஏறும் பஸ்ஸை இரண்டு நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 1,800 பேர் போகலாம். 300 பேர் ஏறும் ரயிலை மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 6,000 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நம் கூட்டம் எங்கே நிற்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் தண்டவாளத்தைப் பற்றிப் பேச வேண்டும். காட்பாடி–பாகாயம் சாலையில் கூட்டம் இருக்கிறது. ஸ்ரீபுரத்தில் பண்டிகை நாளில் இருக்கிற கூட்டம் மற்ற நாளில் இருக்காது. ஆற்காடு கிளை நெடுஞ்சாலை ஓரமாகப் போகிறது, அங்கே வேகமான பஸ்ஸோடு போட்டி போட வேண்டும்.

புதிதாக எதற்கு? காட்பாடி–கண்டோன்மென்ட் ரயில் பாதையிலேயே டிராம் விடலாமே. ஜெர்மனியில் விடுகிறார்களே. (ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், காட்பாடி)

ஐயா, நல்ல கேள்வி. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் 1992இல் தொடங்கினார்கள். ஊருக்குள் டிராமாக ஓடும் வண்டி ஊர் எல்லையில் ரயில் பாதையில் ஏறி அடுத்த ஊருக்குப் போகும். இரண்டு விதமான மின்சாரத்திலும் ஓடும் வண்டி அது. அங்கே டிராமுக்கும் ரயிலுக்கும் தண்டவாள அகலம் ஒன்று, அதனால் முடிந்தது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ., மெட்ரோலைட் 1,435 மி.மீ. அதோடு, சரக்கு வண்டி ஓடும் பாதையில் லேசான பெட்டியை விடுவதற்கு மோதல் பாதுகாப்பு விதிகளும் இடம் தராது.

ஆனால் உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். டிராம் வேண்டாம், மெமு போதும், அதாவது பக்கத்து ஊர்களுக்கு இடையே ஓடும் மின்சார ரயில். வேலூர் டவுன், கண்டோன்மென்ட், பெண்ணாத்தூர், கணியம்பாடி, கண்ணமங்கலம் என்று தெற்குப் புறநகர் முழுக்கத் தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. 2010இல் அகலப்பாதை ஆனது, மின்மயமும் ஆகிவிட்டது. சென்னை கடற்கரை–கண்டோன்மென்ட் மெமுவை 2024இல் திருவண்ணாமலை வரை நீட்டினார்களே, அதற்குப் புதுப் பாதை எதுவும் போடவில்லை.

கண்டோன்மென்ட்டில் இறங்கி ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் காட்பாடியிலிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடலாமே. (லாங் பஜார் வியாபாரி)

உண்மைதான். அதனால்தான் ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் ஒரு டவுன் பஸ் நிற்க வேண்டும் என்கிறேன். அதற்குத் தேவை ஒரு நேர அட்டவணையும் இரண்டு அலுவலகங்கள் உட்கார்ந்து பேசுவதும்தான்.

ஒற்றைப் பாதையை மறந்துவிட்டீர்கள். (மீண்டும் ரயில்வே ஐயா)

மறக்கவில்லை. ஒரு வண்டி அடுத்த ஸ்டேஷனைச் சேரும்வரை எதிர்வண்டி காத்திருக்க வேண்டும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் நடக்காது. காலையிலும் மாலையிலும் மணிக்கு ஒன்று கேட்கலாம். எதிரெதிர் வண்டிகள் ஸ்டேஷனில் விலகிப் போகும் கிராசிங் வசதியைக் கூட்டினால் அதற்கு மேலும் கேட்கலாம். பாலாற்றில் புதுப் பாலம் கட்டுவதைவிட இது எவ்வளவோ மலிவு. நீங்கள் அந்தப் பாதையில் வேலை பார்த்தவர், எந்த ஸ்டேஷனில் லூப் லைன் (வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கத் தடம்) நீளம் போதாது என்று எழுதி அனுப்புங்கள். மனுவில் சேர்க்கச் சொல்கிறேன்.

குடியாத்தத்துக்கு? திருவலத்துக்கு? (இரண்டு பேர்)

பள்ளிகொண்டாவுக்குச் சொன்ன பதில்தான். மனை விஷயத்திலும் அதேதான்.

சென்னையிலிருந்து வேலூருக்கு மெட்ரோ வருகிறதாமே? (ராணிப்பேட்டை)

நீங்கள் கேள்விப்பட்டது சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் மண்டல விரைவு ரயில், சுமார் 140 கி.மீ. சாத்தியக்கூறு ஆய்வு பற்றி 2025 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அது மணிக்கு நூறு மைல் வேகத்துக்கான தொழில்நுட்பம், புறநகர் இலகு ரயிலோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சென்னைக்குப் பஸ்ஸில் போகும் நமக்கு அதற்கு முன் உதவக்கூடியது பூந்தமல்லி மெட்ரோ. அங்கேயே மாறிக்கொண்டால் நகர நெரிசலுக்குள் பஸ்ஸில் உட்கார வேண்டியதில்லை.

மேம்பாலமாகவே கட்டிவிட்டால் நில எடுப்பே இருக்காதே? (விருதம்பட்டு)

இருக்கும். ஸ்டேஷன் படிக்கட்டு, வளைவு, பணிமனை எல்லாவற்றுக்கும் நிலம் வேண்டும். சென்னையில் வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் நீட்டிப்பு மொத்தம் 5 கி.மீ. தூண் மேல் போகும் பாதைதான். 2008இல் தொடங்கியது. கடைசி அரை கி.மீ. நிலத்துக்காக வருடக்கணக்கில் நின்றது. அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இரண்டு தடத்துக்கும் வேலிக்கும் ஏழெட்டு மீட்டர் அகலம் வேண்டும், அதை இப்போதே ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். நகரின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவு மக்களின் ஆட்சேபணைக்கு வரும்போது எழுத்தில் கொடுங்கள். வீடு கட்டிய பிறகு கேட்டால் கோர்ட்டில்தான் போய் நிற்கும்.

கணியம்பாடிக்கு இலகு ரயில் வருமா?

உங்கள் ஊரில் ரயில் நிலையமே இருக்கிறது. மேலே படியுங்கள்.

நாங்கள் கல்லூரி மாணவர்கள். மனுவோடு எதை இணைத்தால் மதிப்பார்கள்? (பாகாயம்)

எண்ணிக்கை. மழை இல்லாத ஒரு சாதாரண செவ்வாயோ புதனோ எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன் சர்க்கிள், பாலாற்றுப் பாலம், பாகாயம் என்று மூன்று இடங்களில் இரண்டிரண்டு பேராக நில்லுங்கள். காலை 7 முதல் 10 வரை, கால் மணி நேரத்துக்கு ஒரு வரி. பஸ், ஷேர் ஆட்டோ, பைக் தனித்தனியாக, திசை வாரியாக எழுதுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்தவர்கள் மட்டுமா, நிற்கிறவர்களும் உண்டா, படியில் தொங்குகிறார்களா என்று மூன்று குறி போதும். மாலையிலும் ஒரு முறை செய்யுங்கள். தாளை அப்படியே அனுப்புங்கள், கூட்டிப் பெருக்கி மணிக்கு எத்தனை பேர் என்று நான் போட்டுத் தருகிறேன்.